யாருக்காக ஒரு மருத்துவர்?

அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் ஏறக்குறைய 13 விழுக்காடு. அந்நாட்டு மருத்துவர்களில் அவர்களுடைய பங்கு 6 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கிவிட்ட லத்தீன் அமெரிக்க வழியினரின் நிலையும் இதைவிடப் பெரிதாக மேம்பட்டதில்லை. பூர்வகுடி மருத்துவர்கள் ஒரு விழுக்காடுகூட இல்லை. இந்த இடைவெளியைக் குறைக்கப் பல மருத்துவக் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் தேடிச் செல்கின்றன. விடுமுறைக் காலத்தில் ஆய்வுக்கூடங்களைத் திறந்து காட்டுகின்றன. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு மருத்துவரையோ செவிலியரையோ வழிகாட்டியாக அமர்த்துகின்றன. இதில் தவறு காண யாருக்கும் எளிதில் மனம் வராது. ஆனாலும் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்றைக் குறிப்பிட்ட ஒரு தொழிலை நோக்கி அழைப்பது யாருடைய நன்மைக்காக, அழைப்பவர் எதுவரை பொறுப்பேற்க வேண்டும் என்ற கேள்விகள் நல்ல நோக்கத்தால் மட்டும் தீர்ந்துவிடுவதில்லை.

இந்தப் பற்றாக்குறை தானாக விளைந்ததில்லை. கார்னகி அறக்கட்டளைக்காக ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் 1910-இல் எழுதிய அறிக்கை அமெரிக்க மருத்துவக் கல்வியின் தரத்தை உயர்த்தியது என்று இன்றும் போற்றப்படுகிறது. அன்று கறுப்பின மாணவர்களுக்கென இயங்கிய ஏழு மருத்துவக் கல்லூரிகளில் வாஷிங்டனின் ஹோவர்டும் நாஷ்வில்லின் மெஹாரியும் மட்டுமே காப்பாற்றத் தக்கவை என்று அதே அறிக்கை தீர்ப்பளித்தது. மற்ற ஐந்தும் சில ஆண்டுகளில் மூடப்பட்டன. அவை தொடர்ந்து நடந்திருந்தால் ஏறத்தாழ 35,000 மருத்துவர்கள் கூடுதலாக உருவாகியிருப்பார்கள் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. தாத்தா மருத்துவராக இருந்த வீட்டில் பேரனுக்கும் அந்தக் கனவு இயல்பாக வரும். அப்படிப்பட்ட வீடுகள் பல்லாயிரக்கணக்கில் உருவாகாமலே போயின. ஆகவே இன்று ஒரு நிறுவனம் அச்சமூகத்துப் பிள்ளைக்கு வழிகாட்ட முன்வந்தால் அதைத் தர்மம் என்பதைவிடப் பழைய கடனில் ஒரு தவணை என்பதே பொருந்தும். தர்மம் செய்பவர் நன்றியை எதிர்பார்க்கலாம். கடனைத் திருப்பித் தருபவருக்கு அந்த உரிமை கிடையாது.

கடன் சீராக அடைபடவும் இல்லை. 1978-இல் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்த கறுப்பின ஆண்கள் 1,410 பேர்; 2014-இல் 1,337 பேர். முப்பத்தாறு ஆண்டுகளில் நாட்டின் மக்கள்தொகை பெருகியது, எண்ணிக்கையோ குறைந்தது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 1991-இல் தொடங்கிய திட்டம் ஒன்று, 2000-ஆம் ஆண்டுக்குள் ஆண்டுக்கு 3,000 சிறுபான்மை மாணவர்களைச் சேர்ப்பதை இலக்காக வைத்தது. கல்லூரி வாசலில் நின்று மாணவர்களை எதிர்பார்த்துப் பயனில்லை, பள்ளியிலேயே அறிவியல் கல்வியை வலுப்படுத்த வேண்டும் என்ற தெளிவு அத்திட்டத்தில் இருந்தது. இலக்கு எட்டப்படவில்லை. ஆனால் பள்ளிப் பருவத்திலேயே தொடங்க வேண்டும் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

இத்தகைய முயற்சிகளுக்கு ஆதரவாகப் பொதுவாகச் சொல்லப்படுவது, சமூகத்தின் தேவை. அதற்கு நல்ல சான்றும் உண்டு. கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் முடிதிருத்தகங்களிலும் சந்தைகளிலும் கறுப்பின ஆண்களை அணுகி, இலவச உடல்நலப் பரிசோதனைக்கு அழைத்து நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவுகள் 2018-இல் வெளிவந்தன. மார்செல்லா அல்சன் என்ற மருத்துவரும் பொருளியலாளருமானவர் சக ஆய்வாளர்களுடன் அதை நடத்தினார். மருத்துவரின் படத்தை மட்டும் பார்த்தபோது வந்தவர்களின் விருப்பத்தில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. நேரில் பேசிய பிறகோ, கறுப்பின மருத்துவரைச் சந்தித்தவர்கள் சர்க்கரை, கொழுப்புச் சத்து ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக இசைந்தனர். இந்த விளைவு நாடு முழுவதும் நிகழ்ந்தால், இதய நோய் இறப்பில் கறுப்பின, வெள்ளையின ஆண்களுக்கிடையே உள்ள இடைவெளி 19 விழுக்காடு குறையலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் மேகநோய்க்குச் சிகிச்சை தராமல் அரசே வேடிக்கை பார்த்த நாட்டில், மருத்துவரை நம்புவது சின்ன விஷயமில்லை.

சான்று வலுவானதுதான். இருந்தாலும் தேவையை முன்னிறுத்தும் வாதத்துக்கு ஓர் இருண்ட முன்வரலாறு இருப்பதை இம்முயற்சிகளை நடத்துவோர் பலர் மறந்துவிடுகிறார்கள். ஃப்ளெக்ஸ்னரும் தேவையைப் பற்றித்தான் பேசினார். கறுப்பின மக்கள் வெள்ளையரோடு நெருங்கி வாழ்கிறார்கள். அவர்களிடையே காசநோயும் கொக்கிப்புழுவும் பரவினால் வெள்ளையருக்கும் கேடு. எனவே சுகாதாரம் கற்பிக்கும் கறுப்பின மருத்துவர் சிலர் வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அவர் எண்ணத்தில் அந்த மருத்துவர் தம் விருப்பப்படி வாழும் மனிதராக இல்லை, தடுப்புச் சுவராக இருந்தார். இன்றைய நோக்கம் அதைவிடப் பன்மடங்கு மேலானது. ஆனாலும் உன் சமூகத்துக்கு நீ தேவைப்படுகிறாய் என்று ஒரு சிறுமியிடம் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, அவளுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. வெள்ளையினப் பணக்கார வீட்டுப் பிள்ளை தோல் மருத்துவராகிப் பெருநகரில் வசதியாக வாழ்ந்தால் யாரும் கணக்குக் கேட்பதில்லை. சிறுபான்மைப் பிள்ளையிடம் மட்டும் சேவையை வட்டியாக வசூலிப்பது நியாயமாகாது. அவர்களில் பலர் தாமாகவே தம் மக்களிடம் திரும்புகிறார்கள். கறுப்பின, லத்தீன் அமெரிக்க வழி மருத்துவர்கள் தத்தம் இன மக்கள் மிகுந்த பகுதிகளில் அதிகம் பணியாற்றுவதைக் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வொன்று 1996-இல் காட்டியது. தானாக நடப்பதை நிபந்தனையாக்க வேண்டியதில்லை.

நிபந்தனை எப்படி வேலை செய்யும் என்பதற்கு சூசன் லா ஃப்ளெஷ் பிகாட்டின் வாழ்க்கை பழைய சான்று. நெப்ராஸ்காவின் ஒமாஹா பூர்வகுடியில் 1865-இல் பிறந்தவர் அவர். நோயுற்றுக் கிடந்த பூர்வகுடி மூதாட்டி ஒருவருக்காக வெள்ளையின மருத்துவருக்குப் பலமுறை ஆள் அனுப்பியும் அவர் வராததால் அந்த மூதாட்டி இறந்ததைச் சிறுமியாக இருந்தபோது கண்டதே தம்மை மருத்துவத்தின் பக்கம் திருப்பியது என்று பின்னாளில் சொன்னார். மானுடவியலாளர் ஆலிஸ் ஃப்ளெட்சர் அவரை ஊக்குவித்தார். கனெக்டிகட் மாநிலத்துப் பெண்கள் சங்கம் ஒன்று படிப்புச் செலவை ஏற்றது. 1886-இல் இந்தியாவின் ஆனந்திபாய் ஜோஷி பட்டம் பெற்று வெளியேறிய அதே பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் அவ்வாண்டு சேர்ந்து, 1889-இல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். அமெரிக்கப் பூர்வகுடியில் பட்டம் பெற்ற முதல் மருத்துவர் அவரே. செலவை ஏற்ற சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் இருந்தது: படிக்கும்போதும், பட்டம் பெற்ற பிறகு சில ஆண்டுகளும் அவர் மணம் புரியக் கூடாது. அவர் சம்மதித்தார், சொல்லையும் காத்தார். திருமணம் 1894-இல்தான் நடந்தது. தம் ஊரில் 1,200-க்கும் மேற்பட்டோருக்கு ஒரே மருத்துவராகக் குதிரையிலும் வண்டியிலும் அலைந்தார், 1913-இல் வால்ட்ஹில் என்ற ஊரில் மருத்துவமனை கண்டார், ஈராண்டில் மறைந்தார். உதவியின் பலன் மறுக்க முடியாதது. பலன் பெரிது என்பதால் அந்த நிபந்தனை நியாயமாகிவிடாது. சங்கத்தார் அவருக்குக் கல்வி தந்ததோடு நிற்காமல் அவர் வாழ்வின் ஒரு பகுதியையும் கையில் எடுத்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாத இளம்பெண்ணின் சம்மதத்தை முழு மனச் சம்மதம் என்று சொல்வது கடினம்.

வழிகாட்டல் வேறொரு விதத்திலும் குறைபடலாம். விவியன் தாமஸ் மருத்துவராகும் ஆசையோடு தச்சு வேலை செய்து பணம் சேர்த்தவர். பொருளாதாரப் பெருவீழ்ச்சியில் வங்கி முடங்கிச் சேமிப்பு போனது. 1930-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளேலாக்கின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்; செய்தது ஆய்வு வேலை, ஊதியப் பதிவேட்டில் துப்புரவுப் பணியாளர். பிளேலாக் அவருக்குக் கற்றுத் தந்தார், அவர் திறமையை மதித்தார், 1941-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கு உடன் அழைத்துச் சென்றார். 1944 நவம்பரில் நீலம்பாய்ந்த குழந்தை ஒன்றுக்கு முதல் இதய அறுவை நடந்தபோது, அந்த முறையை விலங்குகளில் செய்து பழகியிருந்த தாமஸ் பிளேலாக்கின் தோளுக்குப் பின்னால் படிக்கட்டு முக்காலியில் நின்று வழி சொன்னார். ஆனால் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி கறுப்பின மாணவர்களுக்குத் திறந்தது 1960-களில்தான். வேறொரு கல்லூரியில் படிப்பைத் தொடங்க அவர் விசாரித்தபோது, முதலாண்டிலிருந்து படித்தாக வேண்டும் என்றார்கள். மருத்துவராகும்போது வயது ஐம்பதாகிவிடும் என்று கைவிட்டார். கௌரவப் பட்டம் 1976-இல் வந்தது.

பிளேலாக் நல்ல ஆசிரியர். தம் செல்வாக்கைக் கொண்டு நிறுவனத்தின் கதவை அவர் தட்டியிருக்கலாமே என்ற கேள்வி இருந்துகொண்டுதான் இருக்கும். காலத்தைக் காட்டி அவரை மன்னிப்போரும் உண்டு. அந்த மன்னிப்பு சற்று மலிவானது. கற்றுத் தருவது வேறு, கற்றவருக்காகப் பேசுவது வேறு. லீவை வாட்கின்ஸ் இரண்டாவதைச் செய்தவர். 1980-இல் டிஃபிப்ரிலேட்டர் என்ற தானியங்கி இதயத் துடிப்புச் சீராக்கியை முதன்முதலில் மனித உடலில் பொருத்திய இந்தக் கறுப்பின அறுவை மருத்துவர், அதே ஹாப்கின்ஸில் மாணவர் சேர்க்கைக் குழுவில் அமர்ந்து சிறுபான்மை மாணவர்களைத் தேடித் தேடி அழைத்தார். நிறுவனத்தின் கதவைத் தட்டாமல் மாணவரிடம் முயற்சியையும் தன்னம்பிக்கையையும் மட்டும் வலியுறுத்தும் திட்டங்கள், குறை மாணவரிடமே இருப்பதாகச் சொல்லாமல் சொல்கின்றன.

உண்மையை மறைக்காமல் சொல்வதும் கடமையில் சேரும். பள்ளிக்குப் பின் கல்லூரி நான்கு ஆண்டு, மருத்துவப் படிப்பு நான்கு ஆண்டு, மருத்துவமனைப் பயிற்சி குறைந்தது மூன்று ஆண்டு. கடன் வாங்கிப் படித்து முடிப்பவரின் தலையில் பொதுவாக 2,00,000 டாலர் அளவுக்குச் சுமை ஏறுகிறது. மருத்துவருடன் இருந்து பணியைக் கவனிக்கும் ஊதியமற்ற நாட்கள், வேலைக்குப் போய் வீட்டுக்குப் பணம் தரும் மாணவருக்குக் கட்டுப்படியாகாது. இதையெல்லாம் மறைத்து வெள்ளை அங்கியை மாட்டிப் படம் எடுத்துக்கொள்வது ஆசை காட்டல்.

சுகாதாரத் துறை என்ற பரந்த சொல்லிலும் ஒரு சிக்கல் மறைந்திருக்கிறது. முதியோரைக் குளிப்பாட்டிப் படுக்கை மாற்றும் உதவியாளர், வீட்டுப் பராமரிப்பாளர் ஆகிய குறைந்த கூலி வேலைகளில் கறுப்பினப் பெண்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்கள் இல்லாதது மேல் படிகளில். கணிதத்தில் மதிப்பெண் குறைந்த மாணவியை, உனக்கு இது போதும் என்று உதவியாளர் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு அவளையும் வெற்றிக் கணக்கில் சேர்ப்பது பழைய அடுக்கையே புதுப்பிக்கும். அவளே தெரிந்து தேர்ந்தெடுத்தால் அது வேறு.

பாதியில் விடுவது தொடங்காமலிருப்பதைவிட மோசமாகலாம். பெரியவர் ஒருவரைப் பிள்ளைகளுக்குத் துணையாக அமர்த்தும் அமெரிக்க அமைப்பொன்றைப் பற்றி ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002-இல் எழுதிய ஆய்வில், ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளே மிகுந்த பலன் தந்தன. மூன்று மாதத்துக்குள் முறிந்த உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு சரிந்திருந்தது. எட்டு வாரக் கோடைத் திட்டம் முடிந்ததும் மாணவரை மறந்துவிடும் நிறுவனங்கள் இதைக் கவனிக்க வேண்டும். நீடித்துச் செய்வது யார் என்பது அடுத்த சிக்கல். ஒவ்வொரு நிறுவனத்திலும் விரல் விட்டு எண்ணக்கூடிய கறுப்பின மருத்துவர்களின் தலையில்தான் இந்த வேலை பெரும்பாலும் விழுகிறது. அவர்களுடைய சக ஊழியர்கள் அந்நேரத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதிப் பதவி உயர்வு பெறுகிறார்கள். இதற்கு அங்கே சிறுபான்மை வரி என்றே பெயர் வந்துவிட்டது. முன்மாதிரியாக நிற்க ஒத்த இனத்தவரால் முடியும். வேதியியல் சொல்லித்தரவும் பரிந்துரைக் கடிதம் எழுதவும் எவராலும் முடியும். அதற்கான நேரத்தைப் பணி நேரமாகவே கணக்கிட்டால் சுமை பரவலாகும்.

ஏழை வெள்ளையினப் பிள்ளைக்கு ஏன் இல்லை என்ற ஆட்சேபம் நேர்மையானது. இனத்தைப் பார்ப்பதற்குச் சட்டமும் எல்லை வகுத்திருக்கிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16-ஐச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கியதை உச்ச நீதிமன்றம் 1978-இல் செல்லாது என்றது; ஆனால் மாணவர் சேர்க்கையில் இனத்தை ஒரு கூறாகப் பார்க்க அனுமதித்தது. 2023-இல் அந்த அனுமதியும் போனது. இன்று டேவிஸ், குடும்ப வருமானம், பெற்றோரின் கல்வி போன்றவற்றை வைத்து விண்ணப்பதாரர் கடந்து வந்த இடர்களை அளக்கிறது. வழிகாட்டும் திட்டங்களும் வாசலை அகலத் திறந்து, ஆள் தேடப் போகும் தெருக்களை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஏழை வெள்ளையினப் பிள்ளையைச் சேர்ப்பதால் கறுப்பினப் பிள்ளைக்கு உரிய கடன் தள்ளுபடியாவதில்லை.

இறுதியாகக் கணக்கு. நன்கொடையாளர்கள் எத்தனை பேர் மருத்துவரானார்கள் என்று கேட்கிறார்கள். அதற்கு விடை தெரியப் பதினைந்து ஆண்டுகளாகும். இரண்டு கோடைகள் மருத்துவமனையில் கழித்த பிறகு ரத்தத்தைக் கண்டால் ஆகாது என்று பொறியியலுக்குப் போன மாணவர் அந்தப் பட்டியலில் தோல்வியாகப் பதிவாகிறார். அவரைத் தோல்வி என்று எழுதும் திட்டம், அடுத்த ஆண்டு வரும் மாணவரை விட்டுப் போகவிடாமல் இழுத்துப் பிடிக்கத்தான் பார்க்கும்.