விரும்பித்தானே போனான்?

"தப்பிச்சு வந்திருக்கலாமேடா?"

இதைக் கேட்டவன் நான்தான். கேட்கப்பட்டவன் கல்லூரியில் எனக்கு இரண்டு வருஷம் ஜூனியர். பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி, அப்பா வட்டிக்கு வாங்கிய பணத்தில் விமானம் ஏறினான். இறங்கியதும் காரில் ஏற்றி, ராத்திரியோடு ராத்திரியாக மோய் ஆற்றைக் கடக்க வைத்தார்கள். அக்கரை, மியான்மரின் மியாவடி. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒரு பெண்ணின் படத்தை வைத்துக்கொண்டு முகம் தெரியாதவர்களிடம் காதல் பேசி, கிரிப்டோவில் பணம் போட வைப்பதுதான் வேலை. டார்கெட் முடிக்காத நாளில் அடி.

டீக்கடையில் இதையெல்லாம் சொல்லி முடித்தபோதுதான் அப்படிக் கேட்டேன். கிளாஸைப் பார்த்தபடியே சொன்னான்: "கேட்ல துப்பாக்கியோட நிக்கிறான்ணே. அதத் தாண்டினாலும் கையில பாஸ்போர்ட் இல்ல. எங்க போவேன்?"

பெண்ணாக இருந்தால் இந்தச் சமூகம் இதைவிடக் கொடூரமாகக் கேட்டிருக்கும், தெரியும். ஆனாலும் அவள் கடத்தப்பட்டாள் என்ற சொல்லாவது நம் வாயில் வந்திருக்கும். ஆணுக்கு அது வருவதில்லை. ஏமாந்தான், பேராசைப்பட்டான் என்கிறோம். இணைய மோசடி முகாம்களில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்று 2023இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது. மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் அடைபட்டிருக்கலாம் என்பது அதன் மதிப்பீடு.

சட்டம்கூட நம்மை முந்திவிட்டது. பாலியல் தொழிலுக்காகக் கடத்துவதைத் தடுக்க 1956இல் வந்த சட்டத்தின் பெயரில் பெண்களும் சிறுமிகளும் மட்டுமே இருந்தார்கள். 1986இல் அந்தப் பெயர் மாறியது. 2013இல் திருத்தப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு, கடத்தலுக்கு ஆளானவரை ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. அவர் சம்மதித்தாரா என்பது பொருட்டே அல்ல என்றும் சொன்னது. நாம்தான் இன்னும் "விரும்பித்தானே போனான்?" என்கிறோம். அவன் விரும்பியது ஒரு வேலையை. அந்தக் கேட்டை அல்ல.

ஆம்பளை என்றால் எப்போதும் தன் முடிவைத் தானே எடுப்பவன் என்று நினைக்கிறோம். கேட்க மரியாதை மாதிரி இருக்கிறது. ஆனால் அந்த மரியாதைதான் அவனைக் கட்டிப்போட்ட கயிற்றுக்கும் அவனையே பொறுப்பாக்குகிறது.

"உன் தப்பு எதுவும் இல்லடா" என்றேன், கொஞ்சம் தாமதமாக. அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு பெரியவர்ணே. ரிட்டயர்மென்ட் பணம் பூரா போட்டாரு. டைப் பண்ணது என் கைதானே?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடிக்குப் பயந்து செய்தது குற்றமாகாது என்று வாதாடலாம். ஆனால் அந்தப் பெரியவருக்காக அவன் படும் வேதனையை நான் ஏன் பிடுங்க வேண்டும்? இரக்கப்படுவதற்கு முன்னால் பாதிக்கப்பட்டவன் பலவீனமாகவும் கறை இல்லாமலும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் கோளாறு. அவன் பாதிக்கப்பட்டவன். இன்னொருவரின் இழப்பில் தன் கையும் இருந்ததை மறக்க முடியாதவன். இரண்டும் உண்மை.

வீட்டில் "வேலை புடிக்கல, வந்துட்டான்" என்றே ஊருக்குச் சொல்லியிருக்கிறார்கள். வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. போன வாரம் அதே ஏஜென்ட்டின் புது விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தான்.

"கம்ப்ளைன்ட் குடுக்கப் போறேன். கூட வர்றீங்களாண்ணே? ஸ்டேஷன்லயும் நீங்க கேட்ட அதே கேள்வியத்தான் கேப்பாங்க."

திங்கட்கிழமை போகிறோம்.