தள்ளாடும் கால்களும் தாங்கும் கரங்களும்

"தன் காலில் தான் நிற்க வேண்டும்" என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லி வளர்க்கிறோம். நல்ல புத்திதான். ஆனால், அதைச் சொன்ன தகப்பனாரே ஒரு நாள் முற்றத்தில் இறங்கச் சுவரைப் பிடிக்க வேண்டியவராகிறார். அப்போது எழும் கேள்வி வைத்தியத்தைச் சேர்ந்தது மட்டுமன்று, மனச்சாட்சியையும் சேர்ந்தது.

நீண்டகாலச் சலரோகம் கால் நரம்புகளைக் கெடுக்கின்றது. பி12 உயிர்ச்சத்துக் குறைவும் மிதமிஞ்சிய மதுப்பழக்கமும் அவ்வாறே செய்யும். பாதம் எங்கே ஊன்றியிருக்கிறது, தரை மேடா பள்ளமா என்று மூளைக்கு அறிவிப்பவை இந்த நரம்புகளே. அந்த அறிவிப்பு நின்றுபோனால் கண்தான் அவ்வேலையையும் செய்ய வேண்டும். ஆகவேதான் பகலில் ஓரளவு நடப்பவர் இருளில் தடுமாறுகிறார்; முகங்கழுவக் கண்ணை மூடியதும் சாய்கிறார். ஜேர்மன் வைத்தியர் றொம்பேர்க் இதனை நோயின் அடையாளமாக 19ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டினார். இது சோம்பலுமன்று, வீண் பயமுமன்று.

இந்நிலையில் இரு பக்கத்திலும் தவறு நேர்கின்றது.

முதலாவது, நோயாளியின் வெட்கம். பொல்லுப் பிடித்தால் ஊரார் என்ன நினைப்பார்களோ என்று கோவிலுக்குப் போவதையே விட்டுவிடுகிறார். "ஒருவருக்கும் பாரமாயிருக்கக் கூடாது" என்பது தாழ்ச்சியின் குரல்போல் கேட்கும். பல வேளைகளில் அது ஆங்காரத்தின் குரலே. யாக்கோபு இரவு முழுவதும் போராடி ஆசீர் பெற்றார். விடிந்தபோது நொண்டிக்கொண்டே நடந்தார். ஆசீரும் நொண்டலும் ஒரே இரவில் வந்தவை. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1994இல் விழுந்து தொடையெலும்பு முறிந்தபின் கைத்தடியுடன் நடந்தார். உலகம் பார்க்குமே என்று அவர் ஒளிந்துகொள்ளவில்லை. 1995 தை மாதம் கொழும்புக்கு வந்து, காலிமுகத் திடலில் யோசேவ் வாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார்.

இரண்டாவது, வீட்டாரின் பயம். "அப்பு, விழுந்துபோவியள், பேசாமல் இருங்கோ" என்று கதிரையில் இருத்திவிடுகிறோம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால், நடவாத காலின் தசை இளைக்கும். தசை இளைத்தால் விழும் ஆபத்துக் கூடும். உடலைக் காப்பாற்றுவதாக எண்ணி மனிதரைச் சிறைவைத்துவிடுகிறோம். சுவிசேஷத்தில் வரும் திமிர்வாதக்காரனைச் சுமந்த நால்வரையும் நினைத்துப் பாருங்கள். தங்களுக்கு வசதியான இடத்தில் அவனை அவர்கள் வைத்துவிடவில்லை. கூரையைப் பிரித்தாவது அவன் போகவேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

உதவியின் அளவுகோல் இதுவே. அவருடைய கையைப் பிடித்து இழுக்காமல், எங்கள் கையை அவர் பிடிக்கக் கொடுப்போம். இரவில் ஒரு விளக்கு எரியட்டும். கிணற்றடியிலும் மலசலகூடத்திலும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும், பொல்லின் அடியில் றப்பரும் இருக்கட்டும். கழன்றுபோகும் செருப்பை விட்டுக் குதியைப் பிடிக்கும் பாதணி வாங்கிக் கொடுப்போம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் காயமுண்டா என்று நாள்தோறும் பார்ப்போம். கோவிலில் வாங்கின் ஓரத்தை அவருக்கு விடுவோம். முழந்தாளிட முடியாதவர் இருந்தபடியே செபிப்பதில் குறையொன்றுமில்லை.

இவ்வளவு செய்தாலும் விழும் ஆபத்து முற்றாக நீங்காது. எவ்வளவு ஆபத்தை ஏற்பது என்பதைப் புத்தித் தெளிவுள்ள ஒருவருக்காக நாம் தீர்மானிக்கலாகாது. அவரோடு பேசியே தீர்மானிக்க வேண்டும். அவரும் நீட்டிய கையைத் தட்டிவிடலாகாது. கல்வாரிப் பாதையில் எம் ஆண்டவருடைய சிலுவையையும் சீரேனே ஊர்ச் சீமோன் சுமந்தாரன்றோ? மற்றவரின் தோள் ஆண்டவருக்கே இழிவாகவில்லையென்றால், எமக்கு எப்படி இழிவாகும்?

வரும் ஞாயிறு, வீட்டில் இருத்திவைத்த பெரியவரிடம், "பூசைக்கு வாறியளோ?" என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய நடைக்கு ஏற்றபடி, அரை மணித்தியாலம் முன்னதாகவே புறப்படுங்கள்.