காட்டும் திரையும் காணும் கண்ணும்

மும்பை சயான் பகுதியில் பல தமிழ்க் குடும்பங்கள் ஓர் அறையும் ஒரு சமையலறையும் கொண்ட சிறிய வீடுகளில் வாழ்கின்றன. காலை ஏழு மணிக்குள் தந்தை லோக்கல் ரயிலைப் பிடிக்கப் புறப்பட்டுவிடுகிறார். அடுத்த ஒரு மணி நேரத்தில் தாயும் அலுவலகத்திற்குக் கிளம்பியாக வேண்டும். இடையிலுள்ள சிறு பொழுதில் நான்கு வயதுக் குழந்தையின் முன்னே செல்போன் வைக்கப்படுகிறது. அதில் வண்ணப் பாம்பு ஒன்று படமெடுத்து நிற்கிறது. குழந்தையும் குப்புறப் படுத்துத் தலையை உயர்த்துகிறது. பூனை முதுகை வளைக்கிறது, குழந்தையும் வளைக்கிறது. 'கார்ட்டூன் பார்ப்பதற்குப் பதிலாக யோகாசனம் செய்கிறாள், நல்லதுதானே சுவாமிஜி?' என்று பெற்றோர் கேட்கின்றனர். மாதுங்காவிலும் செம்பூரிலும் இதே கேள்வி எழுகிறது. முன்பு குறுந்தகட்டைக் காட்டிக் கேட்டார்கள். இன்று செல்போனைக் காட்டிக் கேட்கிறார்கள்.

நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் கேட்பவரின் உள்ளத்தில் இருப்பது குழந்தையின் உடல்நலம் பற்றிய ஐயம் மட்டுமன்று. 'என் கடமையை நான் செய்கிறேனா, அல்லது அதை ஒரு கருவியிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதி அடைகிறேனா?' என்ற உறுத்தல் அதனுள் மறைந்திருக்கிறது. ஆகவே இக்கேள்வியை அறத்தின் பக்கமிருந்தும் நோக்க வேண்டியுள்ளது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். இத்தகைய வீடியோக்களைத் தயாரிப்பவர்களையோ, பார்க்க வைக்கும் பெற்றோரையோ பழிப்பதில் பொருளில்லை. சயானில் ஒரு பாயை விரிப்பதற்கே மேசையை நகர்த்தியாக வேண்டும். நல்ல ஆசிரியரைத் தேடிச் செல்ல நேரமும் பொருளும் வேண்டும். மேலும், பாம்பு, மரம், மீன், ஆமை என்று உயிர்களின் பெயரால் ஆசனங்களை அறிமுகப்படுத்துவது இக்காலத்தவர் கண்டுபிடித்த உத்தியன்று. ஆசனங்களின் பெயர்களே அப்படித்தான் அமைந்துள்ளன. குழந்தை போலச் செய்து கற்பது. அதன் கண்முன் நல்ல உருவங்கள் நிற்பதில் குற்றம் காண இயலாது.

எனில் இடர்ப்பாடு எங்கே இருக்கிறது? திரை காட்டுகிறது, ஆனால் அது காண்பதில்லை.

முன்னோக்கிக் குனியும் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொள்கிறது, முகம் சிவக்கிறது. அருகிலிருக்கும் ஆசிரியர் அதைக் கண்டு, 'மூச்சை விடு கண்ணா' என்று சொல்லிவிடுவார். திரையிலுள்ள பூனை தன் போக்கில் அடுத்த ஆசனத்திற்குச் சென்றுவிடும். சிறு குழந்தையின் உடல் எளிதில் வளையும் என்பதே ஓர் அபாயம். அளவு கடந்து வளைவதையும் அது விளையாட்டாகவே எண்ணும். கழுத்தில் எடை விழும் தலைகீழ் ஆசனங்களும், மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகமும் சிறு குழந்தைகளுக்கு உரியவை அல்ல. அண்ணன் பார்க்கும் வீடியோவைத் தங்கை பார்த்துச் செய்வதைத் தடுக்க வீட்டில் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

திரையின் வழிக் கற்றல் குறித்து ஆய்வாளர்களும் சிந்தித்துள்ளனர். அமெரிக்காவில் பட்ரீசியா கூல் என்பவரும் அவருடைய குழுவினரும் செய்து 2003 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று புகழ் பெற்றது. ஆங்கிலம் பேசும் குடும்பங்களைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளிடம் சீன மொழி பேசுவோர் பன்னிரண்டு முறை நேரில் வந்து பேசி விளையாடினர். அக்குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சைத் திரையில் மட்டுமே பார்த்த குழந்தைகள், அம்மொழியைக் கேட்டிராத குழந்தைகளைப் போலவே இருந்தன. சொற்கள் ஒன்றே, உடன் இருந்து பார்க்கும் மனிதர் மட்டுமே இல்லை. இது கைக்குழந்தைகளைப் பற்றிய, மொழியைப் பற்றிய ஆய்வு என்பதை மறந்துவிடக் கூடாது. வயது ஏற ஏறத் திரையிலிருந்தும் குழந்தை கற்கிறது. ஆயினும் உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது, குறைந்தால் நலம் என்றும் கூறுகிறது. யோகாசன வீடியோவாயினும், அசையாமல் அமர்ந்து பார்க்கும் நேரம் அந்த ஒரு மணி நேரத்திற்குள் அடங்குவதே. அதற்குத் தனிச் சலுகை இல்லை.

இவையெல்லாம் பயன், பயனின்மை பற்றியவை. இவற்றினும் ஆழமான ஒன்று உண்டு.

பதஞ்சலி முனிவர் ஆசனத்தைப் பற்றி நேரடியாகச் சொல்வது மூன்றே சூத்திரங்களில். நிலைத்திருப்பதும் இனிமையாக இருப்பதுமே அவர் கேட்கும் இலக்கணம். எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது, தாரணை ஆறாவது. தாரணை என்பது மனத்தை ஓரிடத்தில் கட்டி நிறுத்துவது. அங்கே கட்டுபவர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். சாதகனே தன் மனத்தைக் கட்டுகிறான். திரையின் முன் அமர்ந்த குழந்தையும் அசையாமல், இமைக்காமல் பார்க்கிறது. அதைக் கண்டு, 'எவ்வளவு ஏகாக்ரதை!' என்று வியக்கும் தாத்தாக்கள் உண்டு. ஆனால் அங்கே குழந்தை மனத்தைக் கட்டவில்லை. குழந்தையின் மனம் கட்டப்பட்டிருக்கிறது. வண்ணமும் இசையும் சில நொடிகளுக்கு ஒருமுறை மாறும் காட்சியும் அதைப் பற்றி இழுக்கின்றன. கவனத்தைத் தானாகத் தருவது வேறு; கவனம் பறிக்கப்படுவது வேறு. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் நாம் ஏமாந்துபோகிறோம். செல்போனை அணைத்தவுடன் குழந்தை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தானே மனத்தைச் செலுத்தி முடித்த குழந்தை அமைதியாக எழுந்து செல்லும். மனம் பறிக்கப்பட்ட குழந்தை அழுது அடம்பிடிக்கும்.

விருட்சாசனத்தில் ஒற்றைக் காலில் நிற்க முயலும் குழந்தை விழுகிறது, சிரிக்கிறது, மீண்டும் நிற்கிறது, இரண்டு மூச்சு நேரம் நிலைக்கிறது. தாரணை என்ற சொல்லை அறியாமலேயே தாரணையின் முதற்படியில் அது நிற்கும் நேரம் அது. அந்த இரண்டு மூச்சு நேரத்தை எவரும் அவசரப்படுத்தக் கூடாது. எந்தக் குழந்தைக்கு எவ்வளவு நேரம் தேவை என்பது வீடியோவுக்குத் தெரியாது.

இங்கே ஒரு தடை எழலாம். ஏகலைவன் யாரிடம் கற்றான்? மண்ணால் செய்த துரோணரின் உருவத்தின் முன் நின்றே வில்வித்தை கற்றான். அந்த உருவம் அவனைக் காணவில்லை. அவன் பிழையைத் திருத்தவுமில்லை. உயிரற்ற மண்ணே குருவாகலாம் என்றால், அசைந்து பேசும் வீடியோ ஏன் ஆகக் கூடாது? இது வலுவான தடை. எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. (கதையின் முடிவில் துரோணர் கேட்ட தட்சிணை பற்றிய விவாதம் வேறு.) மண்ணுருவம் ஏகலைவனை ஈர்க்க எதையும் செய்யவில்லை என்பதை நாம் நோக்க வேண்டும். அது பாடவில்லை, ஆடவில்லை. அவன் முன் அது வெறுமனே இருந்தது. கவனம் முழுவதும் அவனிடமிருந்து சென்றது. சிரத்தை என்பது அதுதான். அத்துடன் அவன் வில்லேந்தும் வயதை அடைந்த இளைஞன். தன் அம்பு குறி தவறியதைத் தானே கண்டு திருத்திக்கொள்ளும் ஆற்றல் அவனிடம் இருந்தது. நான்கு வயதுக் குழந்தைக்குத் தன் முதுகு எப்படி இருக்கிறது என்று தெரியாது. ஆகவே ஏகலைவனின் கதை பதினைந்து வயது மாணவன் வீடியோவைப் பார்த்துப் பயில்வதற்குத் துணை நிற்கலாம், மழலைக்கு நிற்காது.

யோகாசனத்தைப் படமெடுக்கும் வழக்கம் நேற்றுத் தொடங்கியதன்று. மைசூரில் அரண்மனை ஆதரவுடன் யோகசாலை நடத்திய திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1938 இல் எடுக்கப்பட்ட ஊமைப்படம் ஒன்றில் காட்சி தருகிறார். அவருடைய மாணவரும் மைத்துனருமான பி.கே.எஸ். ஐயங்காரும் அதில் உள்ளார். இவர்களோடு ஆச்சாரியாரின் மனைவியாரும் சிறு குழந்தைகளும் ஆசனம் செய்து காட்டுகின்றனர். அந்தக் குழந்தைகள் எந்தப் படத்தையும் பார்த்துக் கற்றவர்கள் அல்லர். வீட்டில் தந்தை செய்தார், தாய் செய்தார், அவர்களும் செய்தார்கள். கற்றல் முடிந்த பிறகே கேமரா வந்தது. இன்று நாம் அந்த வரிசையைத் தலைகீழாக்கி, கேமராவில் தொடங்குகிறோம். வீட்டுக்கு அது எப்போது வந்து சேரும் என்பதுதான் கேள்வி.

அதே ஆண்டில் அவ்வில்லத்தில் பிறந்த டி.கே.வி. தேசிகாச்சார் பிற்காலத்தில் உலகறிந்த யோக ஆசிரியர் ஆனார். ஆனால் அவர் பொறியியல் பட்டம் பெற்ற பின்னரே தந்தையிடம் முறையாகக் கற்கத் தொடங்கினார். மூன்று வயதில் தொடங்காவிட்டால் என் குழந்தை பின்தங்கிவிடுமோ என்று கவலைப்படும் பெற்றோர் இதை நினைவில் கொள்ளலாம். யோகம் ஓட்டப் பந்தயமன்று.

வயதைப் பற்றி ஆசிரியர்கள் நிதானமாகவே பேசியுள்ளனர். கிருஷ்ணமாச்சாரியார் வகுத்த முறையில் சிறுவர்க்குரியது சிருஷ்டிக் கிரமம். துடிப்புடன் பல ஆசனங்களை மாற்றி மாற்றிச் செய்வது, எதிலும் நெடுநேரம் நிற்காதிருப்பது. முங்கேரில் பீகார் யோகப் பள்ளியை 1960களில் தொடங்கிய சுவாமி சத்யானந்த சரஸ்வதி, எட்டு வயதையே முறையான பயிற்சிக்கு வாயிலாகக் கொண்டார். பள்ளிக் கல்விக்கான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் (2005) தொடக்க வகுப்புகளில் யோகத்தை இயல்பான முறையில் அறிமுகம் செய்யலாம், முறைப்படியான ஆசனப் பயிற்சி ஆறாம் வகுப்பிலிருந்தே வேண்டும் என்று பரிந்துரைத்தது.

மும்பைக்கும் இதில் பழைய தொடர்பு உண்டு. ஸ்ரீ யோகேந்திரர் 1918 இல் வெர்சோவாவில் தொடங்கி, இன்று சான்டாகுரூஸில் இயங்கும் யோக நிறுவனம், யோகத்தைக் குகையிலிருந்து இல்லறத்தார் வீட்டுக்குக் கொண்டுவந்தது. லோனாவ்லாவில் 1924 இல் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர், ஆசிரியர் கட்டளையிட மாணவர் வரிசையாக நின்று ஒருசேரச் செய்யும் பயிற்சி முறையைப் பள்ளிகளுக்காக அமைத்தார். ஒரே குரலுக்கு நூறு உடல்கள் அசையும் அந்த முறை இன்றைய வீடியோவுக்கு முன்னோடி என்று தோன்றலாம். ஆனால் கட்டளையிடும் ஆசிரியருக்குக் கண்கள் இருந்தன. வரிசையில் தடுமாறும் சிறுவனை அவர் கண்டுகொள்வார்.

முங்கேரில் 1995 இல் பால யோக மித்ர மண்டல் தொடங்கப்பட்டது. அங்கே குழந்தைகளுக்குக் குழந்தைகளே யோகம் கற்பிக்கின்றனர். பத்து வயதுச் சிறுமி ஆறு வயதுச் சிறுவனின் கையைப் பிடித்து நிறுத்தினால், அது எந்த வீடியோவையும் விடச் சிறந்தது என்பது என் கருத்து. சயானின் அடுக்குமாடிகளிலும் தாராவியின் சந்துகளிலும் அக்காமார்களுக்குப் பஞ்சமில்லை. மொட்டை மாடியோ கோயில் மண்டபமோ கிடைத்தால் போதும்.

அப்படியானால் அந்த வீடியோவை என்ன செய்வது? பெற்றோர் பார்க்கட்டும். இரவில் குழந்தை உறங்கிய பின் தாயோ தந்தையோ அதைப் பார்த்து, இரண்டே ஆசனங்களைக் கற்றுக்கொள்ளட்டும். காலையில் செல்போன் அலமாரிக்குள் இருக்கட்டும். பத்து நிமிடம் குழந்தையின் பார்வை படும் இடத்தில் பெரியவர் பாயை விரித்துச் செய்யட்டும். 'வா, நீயும் செய்' என்று அழைக்க வேண்டியதில்லை. மழலைகள் அழைக்காமலேயே வருவார்கள். வராத நாளில் விட்டுவிடலாம். இருவருக்கும் நேரமில்லாத வீட்டில் பாட்டி இருக்கிறார். முழங்கால் வலியால் அவரால் மடங்கி அமர முடியாவிட்டாலும், நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து கண்களை மூடி மூச்சைக் கவனிக்க முடியும்.

பெரியவருக்கு முதல் வாரம் விருட்சாசனம் வராது. ஒற்றைக் காலில் தள்ளாடிச் சுவரைப் பிடிப்பார். குழந்தை சிரிக்கும், பிறகு தானும் அவரருகே காலைத் தூக்கிப் பார்க்கும்.