பழுதும் வாய்மையும்

வாய்மை என்ற சொல்லைக் கேட்டவுடன் மனிதர்க்கு நாவே நினைவுக்கு வருகிறது. பொய் சொல்லாமை, கொடுத்த வாக்கைக் காத்தல், சான்று கூறுமிடத்து உள்ளதை உள்ளவாறு உரைத்தல் ஆகிய யாவும் சொல்லைப் பற்றியவையே. எனினும், சொல் வழங்காத இடத்திலும் வாய்மை உண்டு. அங்கே பொய்ம்மையும் உண்டு. ஒரு வார்த்தையும் பேசாமல், கையில் ஒரு ஸ்பேனரை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவன் பொய் சொல்லிவிட முடியும். பழுதுபட்ட வண்டியைச் செப்பனிடும் தொழில் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. எண்ணெய்க் கறை படிந்த பட்டறையில் அறத்திற்கு என்ன வேலை என்று வினவுவோர், பிரேக் சரியில்லாத வண்டியில் ஒருமுறை மலைச்சாலையில் இறங்கிவிட்டால் அவ்வினாவை மீண்டும் எழுப்பமாட்டார்கள்.

கேமரன் மலைக்குச் செல்வோர் பழைய லேண்ட்ரோவர் வண்டிகளைக் காணாமல் திரும்புவது அரிது. பிரிட்டனின் ரோவர் நிறுவனம் 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அவ்வண்டியை அறிமுகம் செய்தது. நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக விளங்கிய மாரிஸ் வில்க்ஸ், உழவர்க்கு உதவும் வண்டியாகவே அதனை எண்ணினார். போர் முடிந்த காலம். எஃகு எளிதில் கிடைக்கவில்லை. ஆகவே மேற்கூட்டை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தனர். அடிச்சட்டம் மட்டும் எஃகு. நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றல் செல்வதால், மழையில் குழைந்த செம்மண் பாதையிலும் அது முட்டைக்கோசும் தக்காளியும் சுமந்து ஏறியது. அம்மலையின் தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் உழைத்த தமிழர் பலர்க்கு அதன் உறுமல் பழகிய ஒலி. மூன்றாம் வரிசை வண்டிகளின் உற்பத்தி 1985இல் நின்றது; அவற்றின் வழிவந்த பழைய டிஃபெண்டர் வகையும் 2016 ஜனவரி 29இல் சோலிஹல் ஆலையில் முடிவுற்றது. ஆயினும் மலைமேல் அவை ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. சிலவற்றில் எஞ்சினே வேறு நிறுவனத்தது.

பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பலைச் சுட்டி, இது அதே கப்பல்தானா என்று கிரேக்க அறிஞர் வாதிட்டனர். எஞ்சினும் கியர்ப் பெட்டியும் மாறிப்போன லேண்ட்ரோவரைக் குறித்தும் அவ்வாறு வாதிடலாம். வகுப்பறைக்கு ஏற்ற வினாதான். ஆனால், சுமையோடு தாப்பாவை நோக்கி ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து இறங்கும் ஓட்டுநருக்கு அதனினும் அவசரமான வினா ஒன்று உண்டு. இவ்வண்டியைக் கடைசியாகத் தொட்டவன் பழுதைக் கண்டானா, கண்டதாக எண்ணிக்கொண்டானா என்பதே அது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளை வகுக்கிறது: நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன். வண்டிக்கு இதனைப் பொருத்திப் பார்க்கின், முதல் உறுப்பே ஊமையாக இருக்கக் காணலாம். நோயாளி, ‘இங்கே வலிக்கிறது, நேற்று இரவிலிருந்து வலிக்கிறது’ என்பான். தவறான மருந்து கொடுத்தால் மறுநாள் வந்து முறையிடுவான். வண்டி முறையிடுவதில்லை. தன்னை ஏமாற்றியவனையும் ஏமாற்றாதவனையும் அது ஒன்றுபோலவே சுமந்து செல்கிறது. எதிர்த்துச் சான்று சொல்ல ஆளில்லாத இடத்தில்தான் ஒருவனுடைய வாய்மை எத்தகையது என்பது தெரியும்.

ஒரு பழுதை எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் எஞ்சின் பூட்டிய பழைய வண்டி ஒன்று ஏற்றத்தில் அரைமணி நேரம் ஓடியபின் இருமி இருமி நின்றுவிடுகிறது. கால்மணி நேரம் நிறுத்திவைத்தால் மீண்டும் கிளம்புகிறது. இதற்குக் காரணம் மூன்றாகவேனும் இருக்கக்கூடும். சூடேறியதும் காயில் தளர்ந்து தீப்பொறி அற்றுப்போகலாம். எஞ்சின் வெப்பத்தால் குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகி, பம்பு இழுக்க முடியாமல் போகலாம். அல்லது, பெட்ரோல் தொட்டியின் மூடியில் காற்றுப் புகுவதற்கென வைத்த சிறு துளையைச் சேறு அடைத்திருக்கலாம். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, வெளியேறும் பெட்ரோலை அது பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். நின்றபின் மெல்லக் காற்றுக் கசிந்து புகுவதால் வண்டி மீண்டும் கிளம்பும். மூன்று காரணங்கள், அறிகுறியோ ஒன்றே.

இவற்றை வேறுபடுத்தி அறியும் வழி கடினமன்று. வண்டி நின்ற அந்தக் கணத்திலேயே பிளக்குக்குச் செல்லும் கம்பியைக் கழற்றித் தீப்பொறி வருகிறதா என்று பார்க்கவேண்டும். வந்தால் காயில் குற்றமற்றது. அடுத்துத் தொட்டி மூடியைத் திறக்கவேண்டும். ‘புஸ்’ என்று காற்று உள்ளே பாயும் ஒலி கேட்டால் குற்றவாளி அகப்பட்டான். ஒலி இல்லையெனில், பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிப் பார்க்கலாம். ஆனால் இச்சோதனைகள் யாவும் வண்டி நின்ற இடத்தில், நின்ற வேளையில் செய்யத்தக்கவை. எஞ்சின் ஆறிவிட்டால் சான்றும் மறைந்துவிடும். ஆகவே, பழுதைக் காண விரும்புவோன் வண்டியோடு மலையேறி, அது நிற்கும்வரை காத்திருக்கவேண்டும். அரைநாள் போய்விடும். அந்த அரைநாளுக்குக் கூலி கேட்டால் எவரும் மகிழ்ந்து கொடுப்பதில்லை.

ஆதலால் நிகழ்வது வேறு. முதலில் காயில் மாற்றப்படுகிறது. வண்டி மீண்டும் நிற்கிறது. கார்புரேட்டர் மாற்றப்படுகிறது. மீண்டும் நிற்கிறது. பிறகு பம்பு. பம்பை மாற்றியவர், தொட்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்து மூடுகிறார். உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. சோதனை ஓட்டத்தில் வண்டி நிற்கவில்லை. ‘பம்புதான் காரணம்’ என்று தீர்ப்பும் எழுதப்படுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை! காக்கையைப் புகழ்ந்து பணமும் கொடுத்த உழவர், மூன்றாம் நாள் அதே மேட்டில் அதே வண்டியோடு நிற்கிறார். ஒரு குண்டூசி செய்யவேண்டிய வேலையை மூன்று உறுப்புகள் செய்யத் தவறின.

இங்கே எவரும் பொய் சொன்னதாகக் கூற முடியாது. பட்டறைக்காரர் புதிய உறுப்பைத்தான் பூட்டினார். பழையதைக் கழற்றிக் காட்டவும் செய்தார். எனினும், ‘தெரியவில்லை’ என்று சொல்லவேண்டிய இடத்தில் ஓர் உறுப்பைப் பூட்டியது, தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதற்கு நிகர். அறியாமை குற்றமன்று. அறியாமையை அறிவுபோல் உடுத்தி, அதற்கு விலையும் பெறுவதே குற்றம். அந்த விலையைக் கொடுப்பவர், பெரும்பாலும், ஒரு சந்தைநாளை இழந்தால் மறுவாரம் கடன் வாங்கவேண்டிய நிலையில் உள்ளவர்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. அது பழுதை அறிந்தே மறைப்பது. பழைய வண்டிகளில் ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி எழுந்தவுடன் ஸ்டீரிங் கட்டுக்கடங்காமல் நடுங்குவது உண்டு. சக்கரம் திரும்புவதற்கு அச்சாணியாக உள்ள முளைகளின் தேய்வு, இணைப்புத் தண்டுகளின் மூட்டுத் தேய்வு, ஸ்பிரிங் பட்டைகளின் புஷ் தளர்வு என்று காரணங்கள் பல. சில வேளை சக்கரத்தின் சமநிலைக் குறைவே போதும். ஒவ்வொன்றையும் அசைத்துப் பார்த்துத் தேய்ந்ததை மாற்றுவது நேர்வழி. குறுக்குவழியும் உண்டு: ஸ்டீரிங் தண்டோடு ஒரு டாம்பரைப் பூட்டிவிட்டால் நடுக்கம் அடங்கிவிடும். டாம்பர் தன்னளவில் தீய பொருளன்று. செம்மையான வண்டியில் அது கல்லும் குழியும் தரும் அதிர்ச்சியை ஏற்றுக் கைகளைக் காக்கிறது. தேய்ந்த மூட்டை மறைப்பதற்காகப் பூட்டப்படும்போதோ, அது எச்சரிக்கை மணியின் நாவை அறுத்த செயலாகிறது. மூட்டு உள்ளே தேய்ந்துகொண்டே இருக்கும். ஓட்டுநருக்கு அது தெரிவிக்கப்படாது. நடுங்கிய வண்டியை மெல்ல ஓட்டியவர், நடுங்காத வண்டியை விரைந்து ஓட்டுவார். செப்பனிட்டவரின் பொய் ஓட்டுநரின் துணிவாக மாறிவிடுகிறது.

கைப்பிரேக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். மலையூரில் உயிர்கள் அதனை நம்பியே சரிவில் நிற்கின்றன. இவ்வண்டிகளின் கைப்பிரேக் பிற கார்களில் உள்ளதுபோல் சக்கரத்தை நேரே பிடிப்பதன்று. ஆற்றலை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பங்கிடும் பெட்டியின் பின்னால், பின்னச்சுக்குச் செல்லும் தண்டின் தலைப்பில் ஒரு டிரம் உள்ளது. அதனையே கைப்பிரேக் பிடிக்கிறது. டிரம்மிற்கும் சக்கரங்களுக்கும் இடையே டிஃபரென்ஷியலும் இரண்டு அச்சுத்தண்டுகளும் இருக்கின்றன. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கினால், தூக்கிய சக்கரம் ஒருபுறம் சுழல, தரையிலுள்ள சக்கரம் மறுபுறம் உருளக்கூடும். கைப்பிரேக் இறுக்கமாகத்தான் இருக்கும். வண்டியோ கீழே இருப்பவர்மீது நகரும். ஆகவேதான் அறிந்தவர்கள் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடுவதில்லை.

பின் அச்சுத்தண்டு ஒன்று முறிந்தாலும் இதே நிலைதான். பழைய வரிசை வண்டிகளில் அது அவ்வப்போது முறிவதுண்டு. எஞ்சின் முழங்கும், கியர் விழும், வேகமானியின் முள்ளும் நகரும், வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். முள் நகர்வதே நல்ல சான்று. வேகமானி, பங்கிடும் பெட்டியிலிருந்து இயக்கம் பெறுவதால், அதுவரை யாவும் செம்மை, பழுது அதற்கு அப்பால் உள்ளது என்பது புலனாகும். அப்போது மஞ்சள் குமிழை அழுத்தி முன்சக்கரங்களுக்கும் ஆற்றலைச் செலுத்தினால், அவை வண்டியை வீடுவரை இழுத்துச் செல்லும். எவ்வளவு அழகிய அமைப்பு! ஆனால் இவ்வழகே ஒரு சோதனையாகவும் அமைகிறது. வண்டிதான் ஓடுகிறதே என்று ஒரு வாரம் அப்படியே ஓட்டுவோர் உண்டு. குமிழ் மேலே எழும்பிய ஒருநாள், சரிவில் நிறுத்திய வண்டியைக் கைப்பிரேக் தாங்காது.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படலாம். வறுமைக்கும் அவசரத்திற்கும் இடையில் வாழ்பவரிடம் இத்தகைய வாய்மையை எதிர்பார்ப்பது நியாயமா? பறித்த காய் இரவுக்குள் லாரியேறவேண்டும். புதிய உறுப்பு வரப் பத்துநாள் ஆகும். இம்மறுப்பைப் புறந்தள்ள முடியாது. கம்பியால் கட்டியும், ரப்பர் துண்டைச் செருகியும் வண்டியை நகர்த்தும் திறமை இகழத்தக்கதன்று, போற்றத்தக்கது. தற்காலிகமான வேலையைத் தற்காலிகமானது என்று சொல்லிக் கொடுப்பவர் வாய்மையில் குறைந்தவர் அல்லர். ‘தண்டு முறிந்திருக்கிறது; முன்சக்கரம் இழுக்கிறது; வீட்டுக்குப் போகலாம், சந்தைக்குப் போகக்கூடாது; நிறுத்தினால் கட்டை வையுங்கள்’ என்ற நான்கு சொற்றொடர்கள் போதும். கம்பிக்கட்டு ஏமாற்றாவதும் உதவியாவதும் இச்சொற்றொடர்களைப் பொறுத்தது.

பழி முழுவதையும் பட்டறைமீது சுமத்துவதும் முறையாகாது. உறுப்புக்குப் பணம் கொடுக்கத் தயங்காத உரிமையாளர், பழுதைத் தேடிய நேரத்திற்குப் பணம் கொடுக்கத் தயங்குகிறார். ‘ஒன்றுமே மாற்றவில்லை, குண்டூசியால் குத்தியதற்கு ஐம்பது வெள்ளியா?’ என்று சண்டையிடுகிறார். அறிவுக்கு விலை மறுத்துப் பொருளுக்கு மட்டும் விலை கொடுக்கும் சமுதாயம், அறிவை விட்டுப் பொருளை விற்கும்படி தொழிலாளியைத் தானே பழக்குகிறது. பள்ளியிலும் இது காணாத காட்சியன்று. பின்தங்கிய மாணவனுக்குக் கூடுதல் பயிற்சி நூல் வாங்கிக் கொடுக்கப் பெற்றோர் ஆயத்தமாக உள்ளனர். அவன் ஏன் பின்தங்கினான் என்று ஒரு மாதம் பொறுத்திருந்து காணும் ஆசிரியருக்கு அந்த மாதத்தைக் கொடுப்போர் சிலரே. கரும்பலகை தெரியாத பையனுக்கு மூன்றாவது பயிற்சி நூலும் வந்து சேர்கிறது!

இன்றைய வண்டிகளில் கணினி இருக்கிறது; அது பழுதுக்கு ஓர் எண்ணைக் காட்டிவிடும், இனி இத்தொல்லை இல்லை என்பாரும் உளர். அந்த எண், குறை எங்கே உணரப்பட்டது என்பதைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. ஏன் விளைந்தது என்பதைச் சொல்வதில்லை. எரிகலவையில் பெட்ரோல் குறைவு என்று எண் காட்டினால், உணர்கருவியை மாற்றிவிட்டு அனுப்புவோர் உண்டு. விரிசல் விட்ட காற்றுக்குழாய் அப்படியே இருக்கும். ஊமை நோயாளிக்கு ஒரு சொல் பேச வந்திருக்கிறது. அந்த ஒரு சொல்லோடு விசாரணையை முடித்துக்கொள்வதா என்பது இன்றும் செப்பனிடுவோரின் கையில்தான் உள்ளது.

பழைய வண்டியைக் காப்பவர்க்கு இறுதியாக ஒரு கடும் சோதனை வருகிறது. அலுமினிய மேற்கூடு எஃகுபோல் துருப்பிடிப்பதில்லை. ஐம்பது ஆண்டுக்குப் பின்னும் ஒரு பூச்சுப் பூசினால் பளபளக்கும். எஃகு அடிச்சட்டமோ உள்ளீடற்ற பெட்டி வடிவினது; மலைமழையும் சேறும் உள்ளே தங்கி, உட்புறமிருந்து அதனைத் தின்னும். வெளியே கறுப்புப் பூச்சு முழுமையாக இருக்க, உள்ளே தகடு காகிதமாகிக் கிடக்கும். கண்ணால் அதனைக் காண இயலாது. வண்டிக்கு அடியில் படுத்து, சிறு சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போகவேண்டும். நல்ல எஃகு மணிபோல் ஒலிக்கும். துருவேறிய இடம் ‘பொத்’ என்று ஒலிக்கும். ஸ்பிரிங் பட்டை பிணைந்த இடத்தில் அவ்வொலி கேட்டால், மேலே ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்துக் கறுப்பு அடித்து அனுப்ப ஒரு மணி நேரம் போதும்; கூலியும் கிடைக்கும்; உரிமையாளரும் வாழ்த்துவார். தந்தை காலத்து வண்டி என்று அவர் அதனை வாஞ்சையோடு தடவிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். சுத்தியலின் ஒலியை அவரும் கேட்டிருக்கலாம்; அதன் பொருளை அறிந்தவர், வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் ஒருவர்தான்.