கடல்நடுவில் நித்திய கருமம்

சமய வாழ்வின் நிறைவு அரிய செயல்களில் அமைகிறதா, அன்றாடம் வழுவாமல் ஆற்றும் சிறு கடமைகளில் அமைகிறதா என்னும் வினாவுக்குச் சைவ ஆகமங்கள் தெளிவானதொரு வகைப்பாட்டைத் தருகின்றன. நாள்தோறும் செய்யும் வழிபாடு நித்தியம் எனவும், திருவிழாவைப் போலக் குறித்த காலங்களில் செய்வது நைமித்திகம் எனவும், ஒரு பயனை வேண்டிச் செய்வது காமியம் எனவும் அவை கூறுகின்றன. இவற்றுள் நித்தியமே அடிப்படை. அதில் நேர்ந்த குறைகளை நிறைவு செய்யவே நைமித்திகம் வகுக்கப்பட்டது என்பது மரபு. பெருங்கடலைத் தனியொருவராகத் துடுப்பு வலித்துக் கடப்போரின் வாழ்வு இந்த வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். கரையில் இருப்போர்க்கு அரிய சாதனையாகத் தோன்றும் அப்பயணம், படகில் இருப்பவர்க்கு முழுவதும் நித்தியமாகவே கழிகிறது.

1969-இல் ஜான் ஃபேர்ஃபாக்ஸ் கேனரித் தீவுகளிலிருந்து புளோரிடா வரை அட்லாண்டிக்கைத் தனியே கடக்க 180 நாட்கள் ஆயின. பெங்களூரில் பிறந்த அனன்யா பிரசாத் 2024 டிசம்பரில் கேனரித் தீவுகளில் ஒன்றான லா கோமேராவிலிருந்து புறப்பட்டு, 52 நாட்களில் ஆன்டிகுவா தீவை அடைந்தார். இத்தகைய பயணத்தில் ஒரு நாள் என்பது பத்து மணி நேரத்துக்கும் மேலாகத் துடுப்பு வலிப்பதும், சூரியத் தகடு தரும் மின்சாரத்தால் கடல்நீரை நன்னீராக்குவதும், உலர் உணவில் வெந்நீர் ஊற்றி உண்பதும், உப்புப் படிந்த தோல் புண்ணாகாதபடி துடைத்து மருந்திடுவதும், படகின் அடியில் ஒட்டி வளரும் சிற்றுயிர்களை நீரில் இறங்கிச் சுரண்டுவதும், கப்பல் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துத் துண்டு துண்டாக உறங்குவதும் ஆகும். எதிர்காற்று வலுத்தால், குடைபோல் விரிந்து நீரைப் பற்றிக்கொள்ளும் நங்கூரத்தை இறக்கிவிட்டு, சிற்றறைக்குள் காத்துக் கிடக்க வேண்டும். அந்நாளின் கடமை காத்திருத்தலே.

இந்த ஒழுங்கு சோழமண்டலக் கரைக்குப் புதிதன்று. தரங்கம்பாடியிலும் அதை அடுத்த மீனவர் ஊர்களிலும், ஃபைபர் படகும் வெளிப்பொருத்து இயந்திரமும் வருவதற்கு முன்பு, கட்டுமரமே அன்றாட ஊர்தியாக இருந்தது. மிதப்புள்ள மரங்களை வரிசையாக அடுக்கிக் கயிற்றால் பிணைத்த அதில் ஒருவரே தனியாகச் செல்வதும் உண்டு. கரை திரும்பியதும் மரங்கள் நீரை உறிஞ்சிக் கனத்திருக்கும்; ஆகவே கட்டை அவிழ்த்து, மரங்களை ஒவ்வொன்றாக மணல்மேட்டுக்குச் சுமந்து உலர்த்தி, அடுத்த முறை மீண்டும் அடுக்கி இறுக்கிக் கட்டினார்கள். நேற்றுக் கட்டிய கட்டு இன்றைக்கு உதவாது என்பது அத்தொழிலின் இயல்பு. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்ட ஊர் அது. அங்கே நிலைத்தவை என்று எண்ணப்படுவனவும் நாள்தோறும் பேணப்பட்டால்தான் நிற்கும்.

உடலுக்குப் பயன்படும் இவ்வொழுங்கு உயிருக்கு எவ்வாறு பயன்படுகிறது? உயிர் 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்னும் இயல்புடையது, அதாவது தான் எதைச் சார்ந்திருக்கிறதோ அதன் தன்மையையே தன் தன்மையாகக் கொள்வது, என்று சைவ சித்தாந்தம் விளக்குகிறது. ஊரும் உறவும் தொழிலும் சூழ வாழ்பவர்க்குச் சார்புகள் பல. நடுக்கடலில் அவை விலகிவிட, அச்சமோ சலிப்போ எளிதில் அவ்விடத்தைப் பற்றிக்கொள்கிறது. அவ்வேளையில் குறித்த நேரத்துக்குத் துடுப்பை எடுப்பதும் குறித்த நேரத்துக்கு உண்பதும் உயிர் பற்றிக்கொள்ளும் சார்பாகின்றன. கடமையைச் சார்ந்தவர் அலையின் வண்ணமாக மாறாமல் கடமையின் வண்ணமாகிறார்.

உயிர் பிழைப்பதற்கான முன்னெச்சரிக்கையை வழிபாடு என்று உயர்த்துவது மிகையாகாதா என்று ஒருவர் தடை எழுப்பலாம். அத்தடை நியாயமானது. அதற்குரிய விடை, தரங்கம்பாடிக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் உள்ள நாகப்பட்டினத்தின் கடற்கரையில் வாழ்ந்த அதிபத்த நாயனாரின் வரலாற்றில் இருக்கிறது. பரதவர் தலைவரான அவர், பிடிபடும் மீன்களில் ஒன்றை நாள்தோறும் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவந்தார் என்றும், ஒரு மீனே அகப்பட்ட வறுமை நாட்களிலும் அதை விட்டுவிட்டுப் பசித்திருந்தார் என்றும், இறுதியில் வலையில் வந்த பொன்மீனையும் அவ்வாறே விட்டார் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. மணிகள் இழைத்த பொன்மீனே பலரும் நினைவில் கொள்ளும் பகுதி; ஆயினும் அவருடைய அன்பு முழுமையாக வெளிப்பட்டது, பசியோடு விட்ட சாதாரண மீன்களில்தான். பொன்மீனை விட்ட கை, அந்நாட்களில் பழகிய கையே.

முன்னெச்சரிக்கைக்கும் நித்திய கருமத்துக்கும் உள்ள வேறுபாடு இதனால் புலனாகிறது. தனக்குப் பயன் உள்ளவரை நீடிப்பது முன்னெச்சரிக்கை. பயன் நின்ற பின்னும் தொடர்ந்து, தன் பங்கில் ஒன்றைப் பிறிதொன்றுக்கு உரியதாக்குவது நித்தியம். தனிப்பயணியின் ஒழுங்கு முதல் வகையில் தொடங்குகிறது. அதை இழிவாகக் கருதத் தேவையில்லை, ஏனெனில் கொடுப்பதற்கு முதலில் உயிர் நிலைபெற வேண்டும். அனன்யா பிரசாத் தம் பயணத்தைக் கொண்டு மனநலப் பணிக்கும், சாமராஜநகரில் ஆதரவற்ற குழந்தைகளைப் பேணும் அமைப்புக்கும் நிதி திரட்டியபோது, ஒவ்வொரு நாளின் உழைப்பிலும் ஒரு பங்கு பிறர்க்குரியதாயிற்று. கடலைக் கடப்பது சிலருக்கே வாய்க்கும். தன் பங்கிலிருந்து ஒன்றை எடுத்துவைத்துவிட்டு எஞ்சியதை உண்பதோ எந்த வீட்டிலும் எந்நாளும் இயலும், அதனால்தான் அது எல்லோர்க்கும் கடமையாகிறது.