வீழ்ச்சியின் சுவை

என் பேத்தி விரும்பிப் படிக்கும் நாவல்களில் பெரும்பாலானவற்றில், முதல் அத்தியாயம் தொடங்கும் முன்பே உலகம் அழிந்து போயிருக்கும். அழிவுக்குப் பின் முளைத்த ஏதோ ஒரு கொடுங்கோல் ராஜாங்கத்தில், பெரியவர்கள் எல்லோரும் வாய்பொத்தி ஏற்றுக்கொண்ட சட்டம் ஒன்றை ஏற்க மறுக்கும் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, முந்நூறு பக்கம் ஓடி, ஒளிந்து, போராடி, அந்த ராஜாங்கத்தின் அஸ்திவாரத்தையே ஆட்டம் காண வைத்துவிடுவாள். சூசன் காலின்ஸ் 2008இல் எழுதிய ‘தி ஹங்கர் கேம்ஸ்’ இந்த வகைக்குத் தலைப்பிள்ளை அல்ல. லோயிஸ் லோரியின் ‘தி கிவர்’ 1993லேயே வந்துவிட்டது. ஆயினும் உலகத்துப் பிள்ளைகளைப் பைத்தியமாக அடித்தது காலின்ஸின் நாவல்தான். கீழக்குயில்குடியில், சமணர் மலையின் அடிவாரத்துத் தாமரைக் குளக்கரையில் உட்கார்ந்து அதை நானும் படித்தேன். இந்த வயதில் இது தேவையா என்று கேட்டவர்கள் உண்டு. ரசித்துத்தான் படித்தேன் என்று சொல்வதில் எனக்குச் சங்கோசம் எதுவும் இல்லை.

அந்த ரசனையைச் சற்றே நிறுத்தி வைத்து விசாரிக்க வேண்டும் என்ற எண்ணம் 2022ஆம் ஆண்டில் எழுந்தது. தனுஷ்கோடிக்கு அப்பால் முப்பது கிலோமீட்டர் சொச்சம் கடலைத் தாண்டினால் வரும் ஒரு தேசம், அணுகுண்டு எதுவும் விழாமல், அந்நியப் படை எதுவும் புகாமல், கஜானாவில் டாலர் தீர்ந்துபோனதால் மாதத்துக்கு மாதம் சரிந்துகொண்டிருந்தது. 2019இன் ஈஸ்டர் ஞாயிற்றுக் குண்டுவெடிப்பும் அடுத்து வந்த கொள்ளைநோயும் இலங்கையின் சுற்றுலா வருமானத்தைத் துடைத்தெடுத்தன. 2019இன் கடைசியில் பதவிக்கு வந்த ராஜபக்ச சகோதரர்கள், மதிப்புக்கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக வெட்டி, வரவேண்டிய பணத்தையும் வரவிடாமல் செய்தார்கள். 2021இல் ரசாயன உரத்துக்குத் தடை விதித்து, சில மாதங்களில் அதைத் திரும்பப் பெறுவதற்குள் விளைச்சல் விழுந்துவிட்டது. வெளிநாட்டுக் கடனை இனிச் செலுத்த இயலாது என்று 2022 ஏப்ரல் 12 அன்று அரசே அறிவித்தது. 1948இல் சுதந்திரம் பெற்றதிலிருந்து அந்நாட்டுக்கு அப்படியொரு நாள் வந்ததில்லை. காகிதம் இல்லாமல் பள்ளித் தேர்வுகள் தள்ளிப் போயின. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. எரிபொருள் வரிசையில் நின்ற முதியவர்கள் நின்ற இடத்திலேயே விழுந்து இறந்தார்கள். மார்ச் மாதத்திலேயே 16 பேர் படகேறி ராமேசுவரம் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். யுத்தத்துக்கு அஞ்சி வந்தவர்களைப் பார்த்துப் பழகிய கரைக்கு, விலைவாசிக்கு அஞ்சி வந்தவர்கள் புதியவர்கள்.

எங்கள் பக்கம் பெயிண்ட் வேலைக்கு வரும் ஒருவர், ஆனையூர் அகதிகள் முகாமைச் சேர்ந்தவர். அவருடைய அக்கா மன்னாரில் இருக்கிறார். அந்த நாட்களில் வேலைக்கு நடுவே தொலைபேசியில் பேசிவிட்டு வந்து எனக்குச் செய்தி சொல்லுவார். “சிலிண்டருகளைச் சங்கிலி போட்டுக் கட்டி வரிசையில விட்டிட்டுத்தான் வீட்ட போறவையாம், ஐயா. ஆள் நிக்கத் தேவையில்லை, சிலிண்டர் நிக்கும்” என்றார் ஒருநாள். இன்னொரு நாள் அவர் சொன்னதை நான் மறக்கவே இல்லை. கொழும்பில் எல்லோரும் இருட்டைக் கண்டு திகைத்துப் போயிருக்கிறார்களே, உங்கள் அக்கா எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்டேன். “அவவுக்கு இது புதுசே ஐயா? ஜாம் போத்தல் விளக்கில படிச்சவ” என்றார். 1990களில் வடக்கின்மீது பொருளாதாரத் தடை இருந்தபோது, மண்ணெண்ணெய் துளித்துளியாய்க் கிடைத்த காலத்தில், ஜாம் போத்தலுக்குள் திரியை வைத்து ஏற்றிய அந்தச் சிறு வெளிச்சத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். தேசம் 2022இல் வீழ்ந்தது என்று பத்திரிகைகள் எழுதின. அந்தத் தேசத்தின் ஒரு மூலை அதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்பே வீழ்ந்து கிடந்ததைப் பெயிண்ட் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் எனக்கு நினைவூட்டினார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் பேத்தி, “தாத்தா, புக்குல வர்ற மாதிரியே இருக்குல்ல?” என்றாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. காலின்ஸின் நாவலில் ஏழைப் பிள்ளைகள் ஓராண்டுக்கான தானியமும் எண்ணெயும் பெற வேண்டுமானால், மரண விளையாட்டுக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் தங்கள் பெயரை இன்னொரு தடவை எழுதிப் போட வேண்டும். ரேஷன் அட்டையோடு வரிசையில் நின்ற எவருக்கும் அந்த ஏற்பாட்டின் குரூரம் விளக்கம் இல்லாமலே விளங்கும். ஆனால் அதைச் சொன்னபோது அவள் கண்ணில் ஒரு மினுக்கம் இருந்தது. சுவாரசியமான கதை ஒன்று பிரத்தியட்சமாக நடக்கிறது என்னும் மினுக்கம் அது. அதைக் கண்டிப்பதா, விட்டுவிடுவதா என்று எனக்கு உடனே தீர்மானிக்க முடியவில்லை.

அழிவைச் சுவைப்பது தவறு என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடுவதற்கு நம்முடைய மரபே இடம் கொடாது. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணும்போது அழுகைக்கும் அச்சத்துக்கும் உவகையோடு சமபந்தியில் இலை போட்டிருக்கிறார். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். அந்தப் பஞ்சத்தைப் பாடப் பிறகு கும்மிகள் எழுந்தன. கும்மி என்பது தனியே உட்கார்ந்து அழுவதற்கான வடிவம் அல்ல, வட்டமாகக் கூடிக் கைகொட்டி ஆடுவதற்கானது. பட்டினியைக் கைகொட்டிப் பாடியவர்கள் பட்டினியை அவமதித்தார்கள் என்று யார் சொல்லுவார்கள்? தாங்க முடியாத ஒன்றைத் தாளத்துக்குள் அடக்கினால் அது தாங்கக்கூடியதாகிறது. நாவலின் பக்கங்களுக்குள் அடக்கினாலும் அப்படித்தான். போதாக்குறைக்கு மதுரைக்காரர்களாகிய நாமோ, இளம்பெண் ஒருத்தி ராஜநீதியைக் கேள்வி கேட்டு ஊரையே கொளுத்திய கதையைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறவர்கள். அநியாயத்தை எதிர்த்த நெருப்புப் பெண் காலின்ஸின் கற்பனையில்தான் பிறந்தாள் என்று நினைக்கும் பிள்ளைகளுக்குக் கண்ணகியை இன்னொருமுறை அறிமுகம் செய்வது நம் கடமை.

இந்த நூல்களால் நன்மை இல்லை என்றும் சொல்ல முடியாது. ‘தி ஹங்கர் கேம்ஸ்’ கதையில் வரும் மூன்று விரல் வணக்கத்தை 2014இல் தாய்லாந்திலும் 2021இல் மியன்மாரிலும் ராணுவ ஆட்சியை எதிர்த்த மாணவர்கள் தெருவில் நின்று காட்டினார்கள். தாய்லாந்தில் அதற்காகவே சிலர் பிடிக்கப்பட்டார்கள். சட்டம் என்பது வானத்திலிருந்து விழுந்தது அன்று, யாரோ சிலர் ஓர் அறையில் உட்கார்ந்து இயற்றியது, ஆகவே மாற்றக்கூடியது என்னும் ஞானத்தைப் பதினான்கு வயதில் ஊட்டுகிற புத்தகத்தை நான் வெறுக்கமாட்டேன்.

நான் வெறுக்காமல் இருப்பதற்கு இந்த ஊரும் ஒரு காரணம். இன்று சுற்றுலாப் பயணிகள் செட்டிப்புடவுக்கு ஏறி மகாவீரரின் புடைப்புச் சிற்பத்தையும், பேச்சிப்பள்ளத்தின் வட்டெழுத்துக்களையும் படம் பிடித்துக்கொண்டு போகிறார்களே, இதே கீழக்குயில்குடியில்தான் 1914இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கள்ளர் சமூகத்தின்மீது பிரயோகிக்கப்பட்டது. ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். குற்றம் எதுவும் செய்யாத ஆண்மகன், பிறந்த குலத்தின் காரணமாகக் கைரேகை பதித்து, இரவில் அதிகாரிகள் குறித்த இடத்தில் படுத்து, வெளியூர் போக வேண்டுமானால் ராதாரிச் சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 16 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் அம்மக்களுக்காக வழக்காடியதால் அவரை ரோசாப்பூ துரை என்று இன்றைக்கும் சொல்லுகிறார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் ஒழிந்தது. எந்தப் பதின்பருவ நாவலாசிரியரும் இதைவிடக் கச்சிதமான கொடுங்கோன்மையைச் சிருஷ்டித்து நான் படித்ததில்லை. ஆனால் அதை அனுபவித்த கிழவர்கள் சுவாரசியமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். கதாநாயகிக்குத் தன் துன்பம் மூன்றாம் பாகத்தில் முடியும் என்று தெரியாவிட்டாலும் படிப்பவனுக்குத் தெரியும். இவர்களுக்கு அப்படி முன்கூட்டிச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

ஆகவே அழிவைச் சுவைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் ஆட்சேபணை வேறிடத்தில் இருக்கிறது. இந்த நூல்கள் வீழ்ச்சியை ஆயிரம் பக்கம் எழுதுகின்றன, மீட்சியைச் சில பக்கங்களில் தாண்டிவிடுகின்றன. காலின்ஸின் மூன்றாம் பாகத்தின் முடிவில் கொடுங்கோலன் மடிந்துவிடுகிறான். அதன்பின் அந்தத் தேசம் எந்த வரி போட்டது, யாருடைய கடனை அடைத்தது, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை இழந்தவர்கள் எதைச் சாப்பிட்டார்கள் என்பதற்கெல்லாம் இடமில்லை. இளங்கோவடிகளும் இதற்கு விலக்கல்ல என்று சொன்னால் பண்டிதர்கள் கோபிக்கக்கூடும். மதுரை எரிவதற்கு அவர் ஒரு காதையே ஒதுக்கினார். அதற்குப் பின் பாண்டிநாட்டை வாட்டிய வறட்சியும் வறுமையும் நோயும் தீர்ந்த வரலாறு உரைபெறு கட்டுரையில் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. அந்தச் சில வரிகளுக்குள் ஒரு பயங்கரம் இருக்கிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலியிட்டானாம், பிறகு மழை பெய்து நாடு செழித்ததாம். குற்றம் செய்த பொற்கொல்லன் ஒருவன். விலை கொடுத்தவர்கள் ஆயிரம் பேர். மீட்சி என்னும் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆயிரம் பேரின் நினைவு வரும்.

இலங்கையின் மீட்சியைப் பார்த்தபோதும் வந்தது. வீழ்ச்சிக்கு அங்கே காட்சிகள் இருந்தன. கொழும்பின் காலிமுகத் திடலில் அரசை எதிர்த்துக் கூடாரம் போட்டு, அதற்குள் ஒரு நூல்நிலையமும் வைத்து நடத்திய இளைஞர்களையும், ஜூலை 9 அன்று ஜனாதிபதி மாளிகையின் நீச்சல்குளத்தில் குதித்த ஜனங்களையும் உலகமே பார்த்தது. நானும் பேத்தியும் தொலைக்காட்சியை விட்டு அகலவில்லை. அடுத்து நடந்ததை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் 75 சதவீதமும், 2023 பிப்ரவரியில் மீண்டும் 66 சதவீதமும் ஏறியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது அந்தப் பாரத்தில் பெரும் பங்கு தொழிலாளர்களின் சேமலாப நிதியின் தலையில் விழுந்தது. வெட்டப்பட்ட மதிப்புக்கூட்டு வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாக ஏறி நின்றது. அரிசி வாங்கக் கணக்குப் பார்க்கிறவனுக்கும் மாளிகைவாசிக்கும் ஒரே விகிதம். நம் பக்கத்து மாவட்டங்களிலிருந்து கங்காணி பின்னால் போனவர்களின் சந்ததியார், மலையகத் தோட்டங்களில் 2021இல் நிர்ணயித்த 1,000 ரூபாய் நாட்கூலியை வைத்துக்கொண்டு, 70 சதவீதப் பணவீக்கத்தைக் கடக்க வேண்டியிருந்தது. ராஜபக்ச சகோதரர்கள் உள்ளிட்டோரே நெருக்கடிக்குப் பொறுப்பு என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்குத் தொடுத்தவர்களுக்கு 1,50,000 ரூபாய் செலவுத்தொகை வழங்க வேண்டும் என்பதோடு அந்தத் தீர்ப்பு நின்றது. எந்த நாவலாசிரியரும் வில்லனை இவ்வளவு மலிவாக விடமாட்டார்.

பணவீக்கம் 2023இன் நடுவிலேயே ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது என்பதும், 2024இல் பொருளாதாரம் மீண்டும் வளர்ந்தது என்பதும் உண்மைகளே. அவற்றைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்ட காரியம். இந்தியாவும் 1991இல் ரிசர்வ் வங்கியின் தங்கத்தில் 47 டன்னை விமானத்தில் லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்துத்தான் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது. அந்தத் தங்கம் போன கதையை ஓரளவு எல்லோரும் சொல்லுவார்கள்; அதை மீட்ட கதை எத்தனை பேருக்குத் தெரியும்? எழுந்து நிற்பதில் சுவை குறைவு. மின்கட்டணச் சீட்டில் யாரும் கண்ணீர் விடும் அத்தியாயம் எழுதுவதில்லை. ஆனால் வாழ்க்கையின் பெரும்பகுதி, ஐயமின்றி, அந்தச் சீட்டுகளோடுதான் கழிகிறது.

பேத்தியிடம் நான் எதையும் தடுக்கவில்லை. அவள் புத்தகத்தை முடித்துவிட்டு வந்து கதை சொல்லும்போது, “சரிம்மா, அப்புறம் கடனை யார் கட்டினது?” என்று கேட்பதை வழக்கமாக்கிக் கொண்டேன். முதலில் சிரித்தாள், இப்போது அவளாகவே அந்தக் கேள்வியோடு வருகிறாள்.

2024 ஜூனில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பிற நாடுகளுக்குத் தர வேண்டிய கடனின் தவணைகளை இலங்கை 2028 முதல் மீண்டும் கட்டத் தொடங்க வேண்டும். கட்டி முடிக்க 2043 ஆகும். மன்னாரில் இன்று பதின்மூன்று வயதில் இருக்கும் ஒரு சிறுமிக்கு அப்போது முப்பது வயது. அவளைக் கதாநாயகியாக வைத்து யாராவது ஒரு நாவல் எழுத வேண்டும். நான் இல்லாவிட்டாலும் என் பேத்தி அதை வாங்கிப் படிப்பாள்.