கருவில் என்பும் தசையும் அமையுமாறு

சைவ உபாத்தியாயர்களே!

உயிர் ஆணவ இருளின் நீங்கி உய்தற்பொருட்டு, இறைவன் மாயையினின்றும் தநு கரண புவன போகங்களைத் தந்தருளுகின்றான் என மாணாக்கருக்குக் கற்பிக்கின்றோம். அவற்றுள் முதற்கண் வைத்தெண்ணப்படுவது தநு, அஃதாவது உடம்பு. அது கருப்பாசயத்திலே அமையுமாற்றை நாம் அறிந்துகொள்ளுதல் வேண்டும். மாணிக்கவாசக சுவாமிகளும் போற்றித் திருவகவலிலே, கருவுற்ற உயிர் மாதந்தோறும் இடர்தப்பிப் பிழைக்கும் வகையை முறையாக எண்ணி வைத்தார். ஆதலின் இஃது நமது சமயத்துக்குப் புறம்பான ஆராய்ச்சியன்று.

கருவுண்டாகி மூன்றாம் வாரத்தின் இறுதியிலே, நரம்புக் குழலாகப் போகும் பகுதியின் இருமருங்கும் சிறு கட்டிகள் இணையிணையாகத் தோன்றத் தொடங்கும். ஐந்தாம் வாரம் முடியுமுன் அவை 40 இணைக்கு மேற்படும். ஒவ்வொரு கட்டியும் பகுதிபகுதியாகப் பிரியும். ஒரு பகுதி முள்ளந்தண்டெலும்பும் விலாவெலும்பும் ஆகும். ஒரு பகுதி தசையாகும். ஒரு பகுதி முதுகின் உட்டோலாகும்.

கைகள் ஏறக்குறைய 26ஆம் நாளிலும், கால்கள் அதற்கு இரண்டொரு நாட்களின் பின்னும் சிறு மொட்டுக்களாகப் புறப்படும். இங்கே ஓர் அதிசயம் உண்டு. கையின் என்பு அம்மொட்டினுள்ளேயே பிறக்கின்றது. அதனை இயக்குந் தசையின் அணுக்களோ, முன்சொன்ன கட்டிகளிலிருந்து புறப்பட்டு வந்து சேருகின்றன. விரல்கள் முதலிலே தனித்தனியாக இல்லை. கை துடுப்புப்போல விரிந்திருக்கும்; விரல்களாகும் இடங்களுக்கு நடுவேயுள்ள அணுக்கள் முறைப்படி மடிந்தொழிய, எட்டாம் வார முடிவில் விரல்கள் பிரிந்து நிற்கும்.

என்பு தொடக்கத்திலேயே வன்மையுடையதன்று. கைகால்களின் நீண்ட என்புகள் முன்னர்க் குருத்தெலும்பாக உருப்பெற்று, எட்டாம் வாரமளவில் நடுத்தண்டிலே கடினமாகத் தொடங்கும். பிறக்கும்போதும் அவற்றின் முனைகள் பெரும்பாலும் குருத்தாகவே இருக்கும். பிள்ளை உயரமாக வளர்தற்கு அதுவே இடந்தருவது. மண்டையோட்டின் மேலெலும்புகளோ குருத்தாகாமல், மென்சவ்வினின்றும் நேரே என்பாகின்றன. அவை பொருந்தாது விடப்பட்ட இடமே உச்சிக்குழி. பிரசவத்திலே தலை சிறிது ஒடுங்கி வெளிவருதற்கு அவ்விடைவெளி உதவுகின்றது.

இனி மூட்டைக் கேளுங்கள். இரண்டு குருத்தெலும்புகளுக்கு நடுவே அணுக்கள் செறிந்த ஒரு தட்டு உண்டாகி, பின்னர் அது பிளந்து மூட்டின் உட்குழி ஆகும். ஏழு எட்டு வாரங்களிலேயே சிசு அசையத் தொடங்குகின்றது. தாய் அதனை உணர்வது பெரும்பாலும் 16 முதல் 20 வாரங்களுக்குள்ளே. அவ்வசைவு வீண் அசைவன்று. கோழிக்கருவை அசையாதபடி மருந்தினாலே தடுத்தபோது மூட்டின் குழி உண்டாகவில்லையென்று 1966இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று காட்டிற்று. சிசு நெடுங்காலம் அசையாதிருப்பின் மூட்டுக்கள் விறைத்துப் பிறக்கும்.

இத்துணை நுண்ணிய வேலையிலே சிற்சில இடங்களிற் பிழை நேர்தலும் உண்டு. பாதம் உட்புறமாக வளைந்து பிறத்தல் ஆயிரம் பிறப்பில் ஏறக்குறைய ஒன்றிலே காணப்படுவது. இதனைக் கண்ட அயலார், "முன்வினை" என்று ஒரு சொல்லிலே முடித்துவிடுகின்றனர். தாய் தலைகுனிகின்றாள். பிள்ளையோ அவ்வளைந்த காலோடு நமது வகுப்பிலே வந்து அமர்கின்றான்.

வினை உண்டென்பது நமது சித்தாந்தம், அதில் ஐயமில்லை. ஆயின் இன்ன வினைக்கு இன்ன பயன் என்று வரையறுத்தறிந்து ஊட்டுவோன் இறைவன் ஒருவனே. பிறனுடைய கணக்கை வாசித்தற்கு நமக்கு அதிகாரந் தந்தவர் யார்? வினைக்கொள்கை தன்னைத் தான் திருத்துதற்கு உரியது. பிறனை இகழ்தற்குக் கருவியன்று.

"வினைப்பயனாயின் வைத்தியம் எதற்கு?" என்று வினவுவாரும் உளர். பசியும் வினைப்பயனே, அதுபற்றி நாம் மடத்தில் அன்னதானத்தை நிறுத்தினோமா? பசித்தவனுக்குச் சோறிடுதல் அறமாயின், வளைந்த பாதத்தை நிமிர்த்துதலும் அறமே. அதற்கு வழியும் உண்டு. அமெரிக்காவின் ஐயோவா நகரிலே வைத்தியர் இக்னேசியோ பொன்செற்றி 1940களின் இறுதியிலிருந்து ஒரு முறையை வகுத்தார். பிறந்த சில வாரங்களுள்ளே பாதத்தை மெல்லத் திருத்தி, வாரந்தோறும் பரிசுச்சாந்துக் கட்டை மாற்றிக் கட்டுவர். வேண்டின் குதிகால் நாரைச் சிறிது அறுத்து விடுவர். பின்னர்ச் சில ஆண்டுகள் உறங்கும்போது பாதங்களைப் பிணைக்கும் சப்பாத்தை அணிவிப்பர். பெரும்பாலான பிள்ளைகள் பெரிய சத்திரசிகிச்சையின்றியே நன்றாக நடக்கின்றனர்.

ஆதலின் உபாத்தியாயர்காள், மூன்று காரியங்களை மேற்கொள்ளுங்கள். பிள்ளையின் உறுப்புக்குறையைச் சொல்லி அழைக்கும் வழக்கம் உங்கள் வகுப்பிலே நுழையாது காவுங்கள். உங்கள் ஊரிலே அத்தகைய சிசு பிறந்ததென்று கேள்வியுற்றால், அன்றே சென்று, தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்படி பெற்றோருக்கு எடுத்துரையுங்கள். வயது கடந்த பிள்ளையையும் இனி வழியில்லையென்று கைவிடாது வைத்தியரிடம் அனுப்புங்கள்.

திருக்கோயிலிலே கல் உடைந்த படியைக் கண்டால் செப்பனிடுகின்றோம். சிவன் உயிருக்கு உறைவிடமாகத் தந்த உடம்பையும் அவ்வாறே பேணுதல் சிவத்தொண்டாம்.

திருச்சிற்றம்பலம்.